புயற்றெய்வமும் எம் வரப்பும்

காற்றும் மழையும் இன்றி உயிர்கள் வாழா. அவை அளவு கடந்தவிடத்தும் உயிர்கள் வாழா. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே கண்ட பண்டை மக்கள், உலகின் எம்மூலையிற் பிறந்தோராயினும், புயலுக்கு ஒரு பெயரும் ஒரு முகமும் கொடுத்து, அதனோடு பேச முயன்றனர். ஈண்டு யாம் எழுதப் புகுந்தது அத்தகைய தெய்வம் ஒன்றைப் பற்றி. அது தமிழகத்துத் தெய்வமன்று. ஜப்பான் நாட்டு ஷிந்தோ சமயத்தார் போற்றும் சுசனோவோ என்னும் புயற்றெய்வம். அதனை யாம் அறிந்தது நூலகத்திலன்று, வகுப்பறையிலுமன்று, இக்கால இளைஞர் பொழுதுபோக்கும் வீடியோ கேம் என்னும் கணினி விளையாட்டிலேயாம். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் ஒருவர், அதுவும் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த ஒருவர், நம் கல்லூரி மலரில் இத்தகைய பொருளை எடுத்துக்கொள்ளுதல் தகுமோ என்று பெரியோர் வினவக்கூடும். தகுமோ தகாதோ என்பதைக் கட்டுரையின் இறுதியில் அவர்களே முடிவு செய்வாராக. எம்மளவில், 2024-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஓரிரவு நிகழ்ந்ததை எண்ணுந்தோறும் அத்தெய்வத்தின் பெயரும் உடன் நினைவுக்கு வருதலால், எழுதாதிருக்க இயலவில்லை.

எமது ஊர் சேத்தியாத்தோப்பு. விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், வெள்ளாற்றங்கரையில் அஃது உள்ளது. ஒரு புறத்தில் நெய்வேலி. அங்கே நிலத்தைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரி எடுத்து மின்சாரம் ஆக்குகின்றனர். இரவில் அவ்வூரின் ஒளி வானத்திற் செவ்வொளியாய்த் தோன்றும். மற்றொரு புறத்தில் வீராணம் ஏரி. முதற் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில், அவன் மகன் இராசாதித்தன் அதனை அமைத்தான் என்பர். வீரநாராயணன் என்னும் பராந்தகனது சிறப்புப் பெயரே அவ்வேரிக்கு ஆயிற்று. கொள்ளிடத்து நீர் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே அதனுள் வந்து சேரும். மிகுந்த நீர் வெள்ளாற்றில் விடப்படும். 2004-ஆம் ஆண்டு முதல் சென்னை நகரத்தாரும் அவ்வேரியின் நீரைக் குடிக்கின்றனர். மேட்டு நிலத்து மழைநீர் கடலை நாடிச் செல்லுங்கால் எம்மூரைத் தொட்டே செல்லவேண்டும். ஆதலின் எம்மூர்ப் பிள்ளைகள் தம் வயதைப் புயல்களைக் கொண்டு எண்ணுவர். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் விடியலில் தானே புயல் கரை கடந்து இம்மாவட்டத்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தபொழுது எமக்கு வயது ஐந்து. 2015 நவம்பர் வெள்ளத்தின்போது ஒன்பது. 2020-இல் நிவர் வந்தபொழுது பதினான்கு. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியபொழுது பதினெட்டு.

இனிச் சுசனோவோவின் வரலாற்றைக் கூறுவாம். ஜப்பானியரின் பழைய நூல்களுள் தலையாயது கோஜிகி, அது கி.பி. 712-இல் தொகுக்கப்பெற்றது. அந்நூலின்படி, இசனாகி என்னும் ஆதித் தந்தை, இறந்த மனைவியைத் தேடிக் கீழுலகம் சென்று மீண்டு, தீட்டு நீங்க நீராடினான். அப்பொழுது அவனது இடக்கண்ணிலிருந்து ஞாயிற்றுத் தெய்வமாகிய அமதெராசு பிறந்தாள். வலக்கண்ணிலிருந்து திங்கட்டெய்வம் பிறந்தது. மூக்கிலிருந்து சுசனோவோ பிறந்தான். மூச்சு வெளிப்படும் உறுப்பிலிருந்து புயல் பிறந்ததென்பது எத்துணைப் பொருத்தம்! அவனுக்குக் கடலை ஆளும் உரிமை தரப்பட்டது. அவனோ ஆளாமல், தாயைக் காணவேண்டும் என்று தாடி மார்பளவு வளரும் வரையில் அழுதுகொண்டேயிருந்தான். பசுமலைகள் வாடின, ஆறுகள் வற்றின. தந்தை சினந்து அவனைத் துரத்தினார்.

துரத்தப்பட்டவன் தமக்கையிடம் விடைபெறுவதாகச் சொல்லி வானுலகம் ஏறினான். ஆங்கே அவன் செய்த குற்றங்களுள் முதலாவது எது என்று எண்ணுகிறீர்கள்? கொலையன்று, களவன்று. தமக்கையின் நெல்வயல்களின் வரப்புகளை உடைத்தான், வாய்க்கால்களைத் தூர்த்தான். இவ்விடத்தைப் படித்தபொழுது யாம் நூலை மூடிவிட்டுச் சிறிது நேரம் வாளா இருந்தோம். நெல் விளையும் நாட்டார்க்கு வரப்பை அழித்தலினும் பெரிய பகை வேறில்லை என்பதை நெல் விளையும் நாட்டாரே அறிவர். பின்னும் அவன் செய்த அட்டூழியத்தால் தமக்கையின் நெசவுச் சாலையில் ஒரு பெண் இறந்தாள். அமதெராசு மனம் நொந்து ஒரு குகையினுட் புகுந்து கதவடைத்துக்கொள்ள, உலகமெல்லாம் இருண்டது. தேவர்கள் ஆடியும் பாடியும் அவளை வெளிக்கொணர்ந்து, சுசனோவோவை வானினின்றும் தள்ளிவிட்டனர்.

தள்ளுண்டவன் இசுமோ நாட்டில், ஹீ என்னும் ஆற்றின் தலைப்பில் இறங்கினான். ஆற்றிலே உண்கோல் ஒன்று மிதந்து வந்தது. மேலே மக்கள் இருக்கின்றனர் என்று தெரிந்து கரையோடு நடந்தான். ஒரு முதியவரும் அவர் மனைவியும் தம் மகளை இடையில் வைத்து அழுதுகொண்டிருந்தனர். எட்டுத் தலையும் எட்டு வாலும் உடைய ஒரோச்சி என்னும் பெரும்பாம்பு ஆண்டுதோறும் வந்து அவர்களுடைய எட்டுப் பெண்களுள் எழுவரைத் தின்றுவிட்டது. எஞ்சிய குஷிநாதா என்பவளைத் தின்ன வரும் காலம் அது. சுசனோவோ என்ன செய்தான்? பாம்பின்மேல் நேரே பாயவில்லை. எட்டு வாயில்கள் உடைய வேலி ஒன்றைச் சுற்றிலும் அமைக்கச் செய்து, வாயில்தோறும் ஒரு தொட்டி வைத்து, தொட்டிதோறும் பலகால் வடித்த அரிசி மதுவை நிரப்பினான். எட்டுத் தலைகளும் எட்டு வாயில்களிற் பிரிந்து நுழைந்து குடித்து மயங்கின. அதன் பின்னரே வாளை எடுத்தான். வெட்டுண்ட வாலினுள் ஓர் அரிய வாள் கிடைத்தது. அதனைத் தான் வைத்துக்கொள்ளாமல், எவள் வயலை அழித்தானோ அந்தத் தமக்கைக்கே அனுப்பினான். பின்பு அப்பெண்ணை மணந்து, மனை கட்டி, ஒரு பாட்டும் பாடினான். முப்பத்தோரசைகள் கொண்ட ஜப்பானியச் செய்யுள் வகைக்கு அதுவே முதற் பாட்டு என்று அந்நாட்டார் போற்றுகின்றனர். புயலே முதற் புலவனும் ஆயிற்று.

குஷிநாதாவின் பெயர்க்குள் நெல்வயலைக் குறிக்கும் சொல் அடங்கியுள்ளது என்பர். ஹீ ஆறு இன்றும் ஷிமானே மாநிலத்தில் ஓடுகின்றது, வெள்ளத்திற்குப் பேர்பெற்றது. ஆதலின், எட்டுத் தலைப் பாம்பென்பது பல கிளையாய்ப் பெருகி வயல்களை விழுங்கிய அவ்வாறே என்று பொருள் கொள்வாரும் உளர். அப்பொருளை ஏற்பின், எட்டு வாயில்கள் உடைய வேலி என்பது எமக்கு ஓர் அணைக்கட்டின் மதகுகளையே நினைவூட்டுகின்றது. பெருவெள்ளத்தை ஒரே முகமாய் எதிர்த்து நிற்க எவராலும் இயலாது. அதனைப் பலவாய்ப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் ஓர் இடம் அமைத்தலே இயலும்.

இத்தெய்வம் வேடம் தாங்கி ஆடும் கணினி விளையாட்டுகளில் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றது. அத்தகைய விளையாட்டில் ஆடுபவர் ஒரு கதைமாந்தராகி, அவர் பேசுவதையும் செல்வதையும் தாமே தெரிந்து, நாட்கணக்கில் ஒரு கதையினுள் வாழ்வர். 2006-இல் வெளிவந்த ஓகாமி என்னும் ஆட்டத்தில் அமதெராசு ஒரு வெண்ணிற ஓநாயாக வருகிறாள். சுசனோ என்பவனோ முன்னோர் வீரத்தைக் கூறித் திரியும் ஒரு குடிகாரச் சோம்பேறி. அவனே அறியாமையால் பாம்பின் கட்டை அவிழ்த்துவிட்டவன். அச்சத்தால் அதனை ஒளித்துத் திரிந்து, இறுதியில் நாணம் உந்த வாளெடுக்கிறான். 2017-இல் வெளிவந்த ஃபைனல் ஃபேண்டஸி 14-இன் ஸ்டார்ம்பிளட் என்னும் பகுதியில் அவன் ஆரவாரிக்கும் பெரும் பகைவன். மலைபோல் வளர்ந்து அவன் ஓங்கும் வாளை ஆடுவோர் ஒருவர் தாங்கி நிற்க வேண்டும். எமக்கு அவனை அறிமுகப்படுத்தியது பெர்சோனா 4 என்னும் ஆட்டம். அது 2008-இல் ஜப்பானில் வந்தது. அதன் விரிந்த பதிப்பு 2020 முதல் கணினியிலும் கிடைக்கின்றது.

அவ்வாட்டத்தில் இனாபா என்னும் சிற்றூர். அவ்வூரிற் பல நாள் தொடர்ந்து மழை பெய்தபின் மூடுபனி இறங்கும். பனி இறங்குமுன் காப்பாற்றப்படாதவர் இறந்துபடுவர். ஆதலின் ஆடுபவர் நாள்தோறும் ஆட்டத்தினுள் வரும் வானிலை அறிக்கையை நோக்கி, மழை எத்தனை நாள் நீடிக்கும் என்று கணக்கிட்டுக்கொண்டேயிருத்தல் வேண்டும். யோசுகே என்னும் மாணவன் நகரத்திலிருந்து அவ்வூர்க்கு வந்தவன். தான் விரும்பிய பெண் இறந்ததற்குக் காரணம் தேடிப் புறப்படுகிறான். அவனுடைய நிழலே அவன் எதிரில் நின்று, ‘நீ துயரத்தாற் புறப்படவில்லை, இவ்வூரிற் பொழுது போகவில்லை, அதனாற் புறப்பட்டாய்’ என்னும் கருத்துப்படக் குற்றஞ்சாட்டுகின்றது. அவன் முதலில் மறுத்து, பின் ஒப்புக்கொள்ளுகிறான். ஒப்புக்கொண்ட பின்னரே அவனுக்குக் காற்றை ஏவும் ஆற்றல் கிட்டுகின்றது; நட்பு முதிர்ந்தவிடத்து அவ்வாற்றல் சுசனோவோ என்னும் வடிவம் கொள்கின்றது. மூன்று ஆட்டங்களை மூன்று கூட்டத்தார் ஆக்கினர். எனினும் குடிகாரன், பகைவன், குற்றம் உணர்ந்த மாணவன் ஆகிய மூவரும் ஒருவனே. முதலில் அழித்தவன், பின்பு துணையாகின்றான் அல்லது துணையாதற்கு உரியவனாய் நிற்கின்றான். புயலை எவரும் கொன்றுவிடுவதில்லை.

ஜப்பானியர் தம் தெய்வங்களோடு நில்லாமல் நம் நாட்டுத் தெய்வங்களையும் இவ்வாட்டங்களில் ஏற்றியுள்ளனர். 2004-இல் வந்த டிஜிட்டல் டெவில் சாகா என்னும் ஆட்டத்தில் வீரர்கள் அக்கினியாகவும் வாயுவாகவும் பிருதிவியாகவும் மாறுகின்றனர். நம் நூல்களிலோ இவர்கள் புதியவரல்லர். தொல்காப்பியம் மருத நிலத்திற்கு வேந்தனாகிய இந்திரனையும் நெய்தலுக்கு வருணனையும் உரிய தெய்வங்களாக வைத்தது. பாண்டியன் இந்திரன் முடியை வளையால் உடைத்தான் என்றும், மேகங்களை விலங்கிட்டான் என்றும் நம் முன்னோர் கதை சொல்லினர். மழையைக் கட்டி ஆள வேண்டும் என்னும் ஆசையே அக்கதைகளின் வேர். ஆயினும் மணிமேகலை கூறும் செய்தியே எம் உள்ளத்தைத் தைத்தது. சோழன் கடலில் இழந்த தன் மகனைத் தேடித் திரிந்த துயரத்தால் இந்திரவிழாச் செய்தலை மறந்தான். அதனாற் புகார் நகரைக் கடல் கொண்டது. அந்நகரை அழித்தது பகைவர் படையன்று, ஒருவன் மறதி. இதனை யாம் தேர்வுக்காகப் பலகாற் படித்து, வினாவிற்கு விடையும் எழுதியிருக்கின்றோம். படித்ததன் பொருள் அந்த டிசம்பர் இரவிலேதான் விளங்கிற்று.

பெஞ்சல் கடந்தபின்னும் மழை ஓயவில்லை. கல்லூரிக்கு விடுமுறை விட்டமையால் யாம் ஊரில் இருந்தோம். எந்தையார் ஓர் உறவினர் இறந்த செய்தி கேட்டு விருத்தாசலத்திற்கு அப்பாலுள்ள சிற்றூர் ஒன்றுக்குச் சென்றார், செல்லுமுன் எம்மை அழைத்து, “இரவில் மழை வலுத்தால் வடிகாற் பக்கத்து மடையைத் திறந்துவிடு. நம் வயல் நிரம்பினால் வரப்பு தாங்காது, கீழே அத்தை வயல் இருக்கிறது” என்று சொல்லிச் சென்றார். அத்தையார் கணவரை இழந்தவர். எம் வயலுக்குக் கீழ் அண்டையில் அரைக்காணி வைத்துச் சம்பா பயிரிடுபவர். அவ்வாண்டு அவருக்கு நாற்று பிந்திக் கிடைத்ததால், நடவும் பிந்திற்று. பயிர் இன்னும் தலை நிமிரவில்லை. யாம் “ஆகட்டும்” என்றோம்.

மாலையில் மின்சாரம் நின்றது. நெய்வேலியின் செவ்வொளியும் மழைத்திரையில் மறைந்தது. மடிக்கணினியில் மின்னேற்றம் இருந்தமையால், காதுகளை ஹெட்போனால் மூடிக்கொண்டு, இனாபா ஊரின் மழையை எண்ணத் தொடங்கினோம். இன்னும் இரண்டு நாள் மழை; அதன்பின் பனி; அதற்குள் காப்பாற்ற வேண்டும் என்று எத்துணைக் கவலையோடு கணக்கிட்டோம்! எம் தலைக்குமேல் ஓட்டில் பெய்த மழையை எண்ணினோமில்லை. யோசுகேயின் துணைவடிவம் சுசனோவோவாக மாறிய நேரம் அது. மகிழ்ச்சி மிகுந்து அப்பெயரை உரக்கக் கூவினோம்.

யாரோ ஹெட்போனைக் கழற்றினார். எம் ஆயா அரிக்கேன் விளக்கோடு நின்றார். மழையின் பேரோசை ஒருங்கே காதிற் புகுந்தது.

“யாரைக் கூப்பிட்டாய்?” என்றார்.

யாம் நாணி, “விளையாட்டில் வரும் சாமி, ஆயா. ஜப்பான்காரர்களுடைய புயல் சாமி. வேடந்தானே” என்றோம்.

எம் ஆயா நாள்தோறும் விளக்கு வைத்ததும் வேதம் வாசித்து முழந்தாளிட்டுச் ஜெபிப்பவர். அந்நியத் தெய்வத்தின் பெயரை வீட்டிற் கூவியதற்காகக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, “நீ யாரைக் கூப்பிட்டாய் என்பதைப் பிறகு பேசலாம். உன்னைக் கூப்பிட்டது உனக்குக் கேட்டதா? உன் அத்தை தெருவில் நின்று எத்தனை முறை கத்தினாள் தெரியுமா?” என்றார்.

யாம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினோம். காலம் கடந்துவிட்டது. எம் வயலில் நிரம்பிய நீர் வரப்பை ஓரிடத்தில் உடைத்து, பத்தடி அகலத்திற்கு மண்ணை அரித்து, அத்தையார் வயலில் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தையார் இடுப்பளவு நீரில் நின்று, தென்னங்கீற்றையும் சாக்கையும் வைத்து உடைப்பை அடைக்க முயன்றுகொண்டிருந்தார். எம்மைக் கண்டும் ஒன்றும் சொல்லவில்லை. யாம் மடையைத் திறந்தோம். இரண்டு மணி நேரத்திற்கு முன் திறந்திருந்தால் ஒரு மண்வெட்டி வேலை. அப்பொழுதோ விடியும் வரையில் மூவர் வேலையாயிற்று. மூன்றாமவர் எம் ஆயா. எழுபது வயதில் வரப்பின்மேல் நின்று விளக்குப் பிடித்தார்.

சுசனோவோவின் முதற் குற்றம் இன்னதென்று அப்பொழுது யாம் அறியோம். அதனைப் பின்னர்ச் சென்னையில் ஒரு நூலிற் படித்தபொழுதுதான், வரப்பை உடைத்தான் என்னும் அவ்விடத்தில், நூலை மூடினோம். அவன் வெறியால் உடைத்தான்; யாம் இருந்த இடத்தை விட்டு அசையாமலே உடைத்தோம். விளைவு ஒன்றே.

மறுநாள் மாலை ஆயாவோடு திண்ணையில் அமர்ந்திருந்தபொழுது, ஒத்திவைத்த பேச்சு எழுந்தது. வேடம் என்று எளிதாகச் சொல்லித் தப்ப முடியாது என்பதை யாமே உணர்ந்திருந்தோம். எம் மாவட்டத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நிகழும். துகிலுரிதலுக்கு முன், துச்சாதன வேடம் தாங்கியவர் கற்பூரம் ஏற்றி வணங்கிப் பிழை பொறுக்க வேண்டும் வழக்கம் உண்டு. வேடம் வெறும் வேடமன்று, தாங்கினவரைத் தொடும் என்று அறிந்தவர்களின் செயல் அது. இதனை ஆயாவிடம் கூறி, “அந்தப் பெயரைக் கூப்பிட்டது பாவமா?” என்று கேட்டோம்.

அவர் நேராக விடை கூறவில்லை. யோனாவின் கதையை எடுத்தார். கர்த்தர் ஏவிய இடத்திற்குச் செல்லாமல் கப்பலேறி ஓடினான் யோனா. பெருங்காற்று எழுந்தது. கப்பற்காரர் அஞ்சித் தத்தம் தெய்வங்களைக் கூவினர். பாரத்தைக் கடலில் எறிந்தனர். மெய்யான தேவனை அறிந்த யோனாவோ கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். மாலுமியே வந்து அவனை எழுப்ப வேண்டியதாயிற்று. அவனாலே கேடு வந்தது என்று தெரிந்த பின்னும், அவனைக் கடலில் எறிய மனமின்றிக் கரைசேர்க்கத் தண்டு வலித்தவர்கள் அந்தக் கப்பற்காரர்களே. இவ்வளவும் கூறி, “யாரைக் கூப்பிட்டார்கள் என்று அவர்களை நீ கேட்கலாம். அவர்கள் விழித்திருந்தார்கள். நமக்கு அல்லவா கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்?” என்றார். சற்று நேரம் கழித்து, “இயேசுவும் படகில் உறங்கினார். ஆனால் எழுப்பியவுடன் எழுந்தார்” என்று கூறி உள்ளே சென்றார்.

யாம் நெடுநேரம் திண்ணையிலேயே இருந்தோம். புயலில் உறங்குதல் இரு வகைத்து: தந்தையை நம்பி உறங்குதல் ஒன்று, கடமையினின்று ஓடி உறங்குதல் மற்றொன்று. எம் உறக்கம் எவ்வகை என்பதில் எமக்கு ஐயம் இருந்ததில்லை.

அத்தையாரிடம் மன்னிப்புக் கேட்கச் சென்றோம். எம்மைக் கண்டதும் அவர், “அழுதுகொண்டு நிற்காதே, தம்பி. வரப்பைப் போடு” என்றார். அழுதுகொண்டேயிருந்த சுசனோவோவைப் பற்றி அவர் ஒன்றும் அறியார். எனினும் அவனுக்குச் சொல்லத் தக்க சொல் அதுவே. நீர் வடிய நான்கு நாள் ஆயிற்று. பயிரில் மூன்றில் ஒரு பங்கு அழுகிப்போயிற்று. எந்தையார் திரும்பி வந்து, எம்மை ஒரு சொல்லும் சொல்லாமல், எம் வயலில் நன்கு தூர்கட்டியிருந்த இடங்களைக் காட்டினார். அத்தூர்களைப் பிரித்தெடுத்து, அத்தையார் வயலின் வெற்றிடங்களில் நட்டோம். வேளாண்மை அலுவலர் வெள்ளத்திற்குப்பின் கூறும் முறையும் அதுவே. குனிந்து நட்ட மூன்று நாளும் முதுகு நொந்தது. உள்ளத்து நோவு சிறிது தணிந்தது. தை கடந்து அறுவடை செய்தபொழுது அத்தையாருக்கு வழக்கத்தினும் குறைவாகவே கண்டது. யாம் நட்டது ஈடாகவில்லை. பிழைக்கு ஈடு முழுதும் கட்டிவிடலாம் என்பது விளையாட்டில் மட்டுமே கூடும். ஆங்கே தோற்றவிடத்துப் பழைய நாளுக்கு மீண்டு மறுபடியும் தொடங்கலாம். வயலில் அவ்வாறு மீள வழியில்லை. அடுத்த மழைக்கு விழித்திருத்தல் ஒன்றே உண்டு.

இப்பொழுது விடுமுறைக்கு ஊர் செல்லும்போதெல்லாம் வீராணத்துக் கரையில் நடப்பது எம் வழக்கம். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓர் அரசமைந்தன் வெள்ளத்தை வைது கொண்டிருக்கவில்லை. அதனை விலங்கிடவும் முயலவில்லை. அது வந்து தங்க ஓர் இடமும், மிகுந்தால் வெளியேற ஒரு வழியும் அமைத்துச் சென்றான். அவ்விடத்திலேதான் புயல் நெல்லாகின்றது. தொலைவிலுள்ள நகரத்தார்க்குக் குடிநீராகின்றது. எட்டு வாயில் வேலி கட்டியவனும் அதனையே செய்தான். விளையாட்டுகளில் அவன் மீண்டும் மீண்டும் வருவதன் காரணமும் இதுவே என்று எண்ணுகின்றோம். அழிக்கும் ஆற்றலுக்கு ஓர் இடமும் ஒரு வேலையும் கொடுத்தால் அது துணையாகும் என்பதை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கின்றது. இத்தலைமுறை கணினித் திரையிற் கற்கின்றது. கற்பதிற் குற்றமில்லை. கற்ற பின்பும் திரையை விட்டு எழாமையே குற்றம்.

பெர்சோனா 4-ஐ யாம் முழுதும் ஆடி முடிக்கவில்லை. வெறுப்பினால் அன்று; முடிப்போம், ஒரு கோடை விடுமுறையில். எம் ஆயாவும் இப்பொழுது அதனைப் பற்றிக் கடிந்துகொள்வதில்லை, மாறாக, “உன் ஜப்பான்காரன் பாம்பை எப்படிக் கொன்றான்?” என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார். எட்டு வாயிற் கதையைச் சொன்னோம். “மடை திறந்துவிட்டிருக்கிறான், அவ்வளவுதான்” என்றார்.

மழைக்காலம் வரும்போது யாம் ஊரில் இருந்தால், மண்வெட்டி எம் கட்டிலின் அருகே இருக்கும். இல்லாதிருந்தால், இரவு பத்து மணிக்கு எந்தையாரைத் தொலைபேசியில் அழைத்து மடையைப் பற்றிக் கேட்பது வழக்கம். அவர் சில வேளை நகைப்பார். விடுதி நண்பரும் நகைப்பர். நகைக்கட்டும். காற்றையும் கடலையும் அடக்க வல்லவர் ஒருவர் உளர் என்று நம்புகின்றோம். மடையைத் திறக்க வேண்டியவர் யாம் என்பதையும் அவரே எமக்கு ஓர் இரவில் உணர்த்தினார்.